அமைச்சகம் முதல் வாரியம் வரை: ஓர் அரசு அலுவலகம் எந்தத் தாளில் பிறக்கிறது?

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போய்ப் பார்த்தால் எல்லாமே ‘சுகாதாரத் துறை’ என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நிலையத்தை நடத்துவது பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநரகம். உள்ளே இருக்கும் மருத்துவரைத் தேர்வு செய்து கொடுத்தது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அவர் எழுதித் தரும் மாத்திரையைக் கொள்முதல் செய்து அனுப்பியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது 1994-இல் பதிவான ஒரு கம்பெனி. ஒப்பந்த ஊழியர்களில் பலருக்குச் சம்பளம் போடுவது மாவட்ட நலவாழ்வுச் சங்கம். பெயருக்கேற்ப அது பதிவு பெற்ற சங்கமேதான். நான்குக்கும் மேலே ஒரே அமைச்சர், ஒரே செயலாளர்.

இந்த நான்கும் ஒரே மாதிரிப் பிறந்தவை அல்ல. சில அரசாணையில் பிறந்தவை, ஒன்று கம்பெனிப் பதிவில், இன்னொன்று சங்கப் பதிவில். ஓர் அலுவலகம் எந்தத் தாளில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் அதை யார் கலைக்கலாம், அங்கே ஆள் எடுப்பது யார், பணம் எங்கிருந்து வருகிறது, வழக்கு என்று வந்தால் யார் பெயரில் போடுவது என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் கையில் வந்துவிடும். ஒன்றிய அரசையும் தமிழ்நாடு அரசையும் வைத்து அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமைச்சகம்: பட்டியலில் ஒரு வரி

அரசியலமைப்புச் சட்டத்தில் பிரதமர் இருக்கிறார், அமைச்சரவை இருக்கிறது. எந்தெந்த அமைச்சகங்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இல்லை. 77-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, அரசின் அலுவல்களை வசதியாக நடத்தவும் அமைச்சர்களுக்குள் பங்கிடவும் விதிகள் செய்ய குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. அவ்வளவுதான். அந்த அதிகாரத்தை வைத்து 1961 ஜனவரி 14 அன்று இரண்டு விதித் தொகுப்புகள் வந்தன. அலுவல் பங்கீட்டு விதிகள் யாருக்கு எந்த வேலை என்று சொல்கின்றன. அலுவல் நடத்தை விதிகள் அந்த வேலையில் எதை அமைச்சரே முடிக்கலாம், எது அமைச்சரவைக்குப் போக வேண்டும், எதற்கு நிதி அமைச்சகத்தையோ சட்ட அமைச்சகத்தையோ முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று சொல்கின்றன.

பங்கீட்டு விதிகளுக்கு இரண்டு அட்டவணைகள். முதல் அட்டவணை அமைச்சகங்கள், துறைகளின் பெயர்ப் பட்டியல். இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொரு துறையின் பெயருக்குக் கீழும் அது கவனிக்க வேண்டிய பொருள்கள் வரிசை எண்ணோடு இருக்கும். புதிய அமைச்சகம் வேண்டுமா? முதல் அட்டவணையில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். இரண்டாம் அட்டவணையில் இருக்கும் பொருள்களில் சிலவற்றை ஒரு துறையின் கீழிருந்து வெட்டி இன்னொன்றின் கீழ் ஒட்ட வேண்டும். பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் பெயரில் திருத்தம் அரசிதழில் வெளியாகும். நாடாளுமன்றத்தில் மசோதா தேவையில்லை.

2021 ஜூலையில் கூட்டுறவு அமைச்சகம் இப்படித்தான் பிறந்தது. அதுவரை வேளாண் அமைச்சகத்துக்குள் ஒரு பிரிவாக இருந்த வேலை தனி வரியாயிற்று. 2019-இல் நீர்வள அமைச்சகமும் குடிநீர் மற்றும் துப்புரவு அமைச்சகமும் ஜல் சக்தி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு துறைகளாக அடங்கின. 1985-இல் வந்த மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020-இல் மறுபடியும் கல்வி அமைச்சகமானது. அமெரிக்காவில் இது இவ்வளவு சுலபமில்லை. அங்கே புதிய துறைக்கு அவர்களின் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2002-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை அப்படித்தான் உண்டாக்கினார்கள்.

மாநிலத்துக்கு வந்தால் 77-க்குப் பதில் 166-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவருக்குப் பதில் ஆளுநர். தமிழ்நாட்டுக்கென்று தனி அலுவல் விதிகளும் தலைமைச் செயலக நடைமுறை விதிகளும் உண்டு.

அமைச்சகம் வேறு, துறை வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றிய அரசில் அமைச்சகம் அமைச்சரின் பொறுப்பு. துறை செயலாளரின் பொறுப்பு. நிதி அமைச்சகம் ஒன்றுதான். ஆனால் அதற்குள் பொருளாதார விவகாரம், செலவினம், வருவாய், நிதிச் சேவைகள், முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மை, பொதுத்துறை நிறுவனங்கள் என்று துறைகள் உண்டு. பொதுவாகத் துறைக்கு ஒரு செயலாளர். இவற்றில் கடைசித் துறை 2021 வரை கனரகத் தொழில் அமைச்சகத்தில் இருந்தது. அட்டவணையில் இடம் மாற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

தமிழ்நாட்டில் இது சற்றே குழப்பும். தலைமைச் செயலகத்தில் ‘சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை’ என்று ஒரே துறைதான். சுற்றுலாவுக்கு ஓர் அமைச்சர், அறநிலையத்துக்கு வேறோர் அமைச்சர் என்று இருப்பார்கள். துறைகளின் எண்ணிக்கையும் அமைச்சர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அமைச்சர்களின் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு உண்டு. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தப்படி பிரதமரையோ முதலமைச்சரையோ சேர்த்து மொத்த அமைச்சர்கள் அவையின் உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மக்களவையின் 543-க்கு 81 பேர். தமிழ்நாட்டின் 234-க்கு 35 பேர். சிறிய மாநிலங்களுக்குக் குறைந்தபட்சம் 12 என்று விலக்கு இருக்கிறது. இல்லையென்றால் 40 உறுப்பினர் கொண்ட கோவாவில் ஆறு பேரோடு அமைச்சரவை நின்றிருக்கும். அமைச்சகங்களை எத்தனை வேண்டுமானாலும் பிரிக்கலாம். பிரித்ததற்கெல்லாம் ஆள் போட முடியாது என்பதால் ஒருவரே இரண்டு மூன்றைச் சுமப்பார்.

பங்கீட்டில் ஒட்டுவேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பொருள் பாதுகாப்பானதா என்று பார்க்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ். பாக்கெட்டில் எழுதிய எடை சரியா என்பது நுகர்வோர் விவகாரத் துறையின் எடையளவுச் சட்டத்தின் கீழ். அந்த ஆலையை ஊக்குவிப்பது உணவுப் பதப்படுத்தும் தொழில் அமைச்சகம். எடை குறைவு என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுத்தால் ஒன்றும் நடக்காததற்கு அலட்சியம்தான் காரணம் என்றில்லை; அது அவருடைய வரியில் இல்லை.

கோட்டைக்குள் ஒரு கோப்பு

தலைமைச் செயலகத்தில் ஒரு துறையைத் திறந்து பார்த்தால் கீழே பிரிவுகள் இருக்கும். பிரிவு அலுவலர் ஒருவர், அவருக்கு உதவிப் பிரிவு அலுவலர்கள் சிலர். கோப்பு அங்கே உயிர் பெறுகிறது. முன்பு இதே போன்ற விஷயத்தில் என்ன முடிவெடுத்தார்கள், விதி என்ன சொல்கிறது, செலவு எவ்வளவு என்று உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறி அமைச்சருக்குப் போகும். எல்லாக் கோப்பும் அமைச்சர் வரை ஏறுவதில்லை. எது எந்தப் படியில் நிற்கலாம் என்று நிலையாணை இருக்கும். ஒன்றிய அரசில் படிகளின் பெயர் வேறு; செக்‌ஷன், பிராஞ்ச், டிவிஷன், விங் என்று அடுக்குவார்கள். கோப்பு ஏறி இறங்கும் விதம் ஒன்றுதான்.

கோப்பு மேலே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் போகும். பணம் சம்பந்தப்பட்டால் நிதித் துறை, ஆட்கள் சம்பந்தப்பட்டால் மனிதவள மேலாண்மைத் துறை, விதியோ சட்டமோ என்றால் சட்டத் துறை. நாள் கரைவது பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டில்தான். நிதித் துறை ஒரு கேள்வியைக் கேட்டுத் திருப்பினால் கோப்பு பிரிவுக்கே இறங்கும். பிரிவு இயக்குநரிடம் அறிக்கை கேட்கும். இயக்குநர் 38 மாவட்டங்களிலிருந்தும் விவரம் கேட்பார். ஒரு மாவட்டம் அனுப்பாவிட்டாலும் கோப்பு நிற்கும்.

கடைசியில் வருவது அரசாணை. அதன் உடலமைப்பு தெரிந்தால் படிப்பது சுலபம். உச்சியில் ‘சுருக்கம்’ என்று இரண்டு மூன்று வரி. அடுத்து துறையின் பெயர், ‘அரசாணை (நிலை) எண்’ என்ற எண், நாள். அதற்குக் கீழே ‘படிக்க’ என்ற தலைப்பில் முந்தைய ஆணைகளும் கடிதங்களும் வரிசையாக இருக்கும். பலர் தாண்டிவிடும் பகுதி இது. கதை முழுவதும் இருப்பதும் இங்கேதான். பிறகு ‘ஆணை’. முதல் சில பத்திகள் யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லும். ‘அரசு கவனமுடன் பரிசீலித்து’ என்று தொடங்கும் பத்தியில்தான் முடிவு இருக்கும். செலவு இருந்தால் எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைப்பது, நிதித் துறை இசைந்தது எந்த எண்ணில் என்பது கடைசிப் பத்திகளில் வரும். அந்தப் பத்தி இல்லாமல் பணச் செலவுள்ள ஆணை ஒன்றைப் பார்த்தால் கருவூலத்தில் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதுதான். எல்லாம் முடிந்து ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரியும் செயலாளர் பெயரும்.

அந்த ஒற்றை வரி அலங்காரமில்லை. அரசின் ஒவ்வொரு செயலும் ஆளுநர் பெயரில் வெளிப்பட வேண்டும் என்பது 166-ஆம் பிரிவு. அமைச்சர் கோப்பில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டதாலேயே ஆணை பிறந்துவிடாது. அது ஆணையாக வெளியாகி உரியவருக்குத் தெரிவிக்கப்படும் வரை வெறும் குறிப்புதான் என்று உச்ச நீதிமன்றம் பச்சித்தர் சிங் வழக்கில் 1962-இலேயே சொல்லிவிட்டது. ‘அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார்’ என்ற தகவலை நம்பி வேலையை விட்டவர்கள், நிலத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்.

துறைத் தலைவர்கள்: வேலை நடக்கும் இடம்

தலைமைச் செயலகம் கொள்கை, விதி, பணம் மூன்றையும் பார்க்கிறது. களத்தில் வேலையைச் செய்வது துறைத் தலைவர்கள். இயக்குநர், ஆணையர், தலைமைப் பொறியாளர், பதிவுத் துறைத் தலைவர் என்று பட்டம் மாறும். பொதுவாகத் துறைத் தலைவர் என்பார்கள். ஒன்றிய அரசில் அமைச்சகத்தோடு ஒட்டி நின்று கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவருவது இணைப்பு அலுவலகம். அதற்கும் கீழே களப்பணி பார்ப்பது சார்நிலை அலுவலகம்.

ஒரு செயலகத் துறைக்குக் கீழே பல துறைத் தலைவர்கள் இருப்பது சாதாரணம். மக்கள் நல்வாழ்வுத் துறையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்குநரிடம். வட்ட மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரிடம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரிடம். ஒரு மாவட்டத்தில் புதிதாக மருத்துவக் கல்லூரி வந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரியோடு இணைந்து இயக்குநர் மாறிவிடும். கட்டடம் அதே, படுக்கை அதே. பணியிடங்கள் மட்டும் இன்னொருவர் கணக்குக்குப் போகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதிக்கு வேறொரு வட்ட மருத்துவமனையைத் தரம் உயர்த்த வேண்டும். அந்தத் தரம் உயர்த்தும் ஆணையும் அதற்கான பணியிடங்களும் ஒரே நாளில் வருவதில்லை. பலகை முதலில் மாறும், மருத்துவர்கள் பிறகு வருவார்கள்.

கடிதத்தின் தலையைப் பார்த்தே எந்த அடுக்கு பேசுகிறது என்று சொல்லலாம். ‘அரசாணை’ என்றிருந்தால் செயலகம். ‘இயக்குநரின் செயல்முறைகள்’ என்று தொடங்கி ‘ந.க.எண்’ போட்டிருந்தால் துறைத் தலைவர். அதே ‘செயல்முறைகள்’ முதன்மைக் கல்வி அலுவலர் பெயரிலும் வரும். அப்போது அது மாவட்டம். மேல்முறையீடு செய்யும்போது இது முக்கியம். மாவட்ட அலுவலர் போட்ட ஆணைக்கு எதிராக நேரே செயலாளருக்கு எழுதினால் அது இயக்குநருக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ இறங்கும். இயக்குநரிடமிருந்து அறிக்கை கேட்டு அதே மாவட்ட அலுவலருக்கே போய்ச் சேரும்.

வெளியே நிற்கும் உறவுகள்

இனி வாரியம், கழகம், ஆணையம். இங்கே முதல் அறிவுரை: பெயரை நம்பாதீர்கள். வீட்டு வசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில். இரண்டும் தனி ஆள்தன்மை உள்ளவை; சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். ஆசிரியர் தேர்வு வாரியமும் வாரியம்தான். ஆனால் அது அரசாணையில் பிறந்து பள்ளிக்கல்வித் துறைக்குள் இருக்கும் தேர்வு அமைப்பு. டாஸ்மாக் என்று எல்லாரும் சொல்லும் வாணிபக் கழகம் ஒரு கம்பெனி. தேர்தல் ஆணையம் அரசியலமைப்பின் 324-ஆம் பிரிவில் நிற்கிறது. தகவல் ஆணையம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறது. திட்ட ஆணையமோ 1950 மார்ச்சில் வந்த ஓர் அமைச்சரவைத் தீர்மானத்தில் நின்றது.

அந்தத் திட்ட ஆணையத்தின் முடிவு, தாளின் வலிமை என்னவென்று காட்டும். 64 ஆண்டுகள் ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிய அமைப்பு. அதை அகற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கவில்லை. தீர்மானத்தில் வந்தது தீர்மானத்திலேயே போயிற்று. 2015 ஜனவரி 1 அன்று நிதி ஆயோக் இன்னொரு தீர்மானத்தில் வந்தது. தேர்தல் ஆணையத்தை அப்படி எடுக்க வேண்டுமானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். ரிசர்வ் வங்கியை எடுக்க வேண்டுமானால் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வேண்டும்.

ஆகவே ஓர் அமைப்பு முதலில் லேசான தாளில் பிறந்து பிறகு கனமான தாளுக்கு மாறுவது வழக்கம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 1988 ஏப்ரலில் தீர்மானத்தில் வந்தது. தரகரைக் கண்டிக்கவோ உரிமத்தைப் பறிக்கவோ சொந்தமாகச் சட்ட அதிகாரம் இல்லாமல் நான்கு ஆண்டுகள் ஓட்டியது. 1992-இல்தான் சட்டம் கிடைத்தது. ஆதார் ஆணையம் 2009 ஜனவரியில் திட்ட ஆணையத்தின் இணைப்பு அலுவலகமாக ஓர் அறிவிக்கையில் தொடங்கி, கோடிக்கணக்கான எண்களை வழங்கிய பிறகு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. இந்த வரிசை எனக்குத் தலைகீழாகத்தான் படுகிறது. மக்களின் கைரேகையை வாங்கும் அமைப்புக்குச் சட்டம் முதலில் வந்திருக்க வேண்டும்.

லேசான தாளில் நிற்பதன் ஆபத்துக்கு சிபிஐ எடுத்துக்காட்டு. அதை அமைத்தது உள்துறை அமைச்சகத்தின் 1963 ஏப்ரல் 1 தீர்மானம். கைது செய்யும் அதிகாரத்தை 1946-ஆம் ஆண்டு டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. 2013 நவம்பரில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், அந்தத் தீர்மானம் சட்டமே அல்ல, எனவே சிபிஐ சட்டப்படி அமைந்ததல்ல என்று தீர்ப்பளித்தது. சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. அதே 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்துக்குள் விசாரிக்க அந்த மாநிலத்தின் இசைவு வேண்டும் என்கிறது. தமிழ்நாடு 2023 ஜூனில் பொது இசைவைத் திரும்பப் பெற்றது. டெல்லிக்காக எழுதிய சட்டத்தின் மேல் நாடு முழுவதற்குமான அமைப்பைக் கட்டியதால் வந்த வினை இது.

அரசு கம்பெனியை ஏன் தொடங்குகிறது? வேகத்துக்காகத்தான். கம்பெனிக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டு, கருவூலத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். மார்ச் 31-இல் மிஞ்சிய பணம் திரும்பிப் போகாது. மருந்து போன்ற பொருளை மொத்தமாக வாங்குவதற்கு இது ஏற்ற வடிவம். பங்கு மூலதனத்தில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் அரசிடம் இருந்தால் அது அரசு கம்பெனி. அதன் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். சங்கம் இன்னும் எளிது. ஒன்றிய அரசுத் திட்டப் பணம் வந்து சேரவும் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கவும் சங்க வடிவம் தோதாக இருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனை ஆண்டானாலும் அரசு ஊழியர் ஆவதில்லை என்பது அதன் மறுபக்கம்.

புதிய இயக்குநரகம் ஒன்றைத் தொடங்க

இயக்குநரகம் தொடங்குவது ஒரு கருத்துருவில் ஆரம்பிக்கும். பணியிடங்களின் பெயர், ஊதிய நிலை, எண்ணிக்கை ஓர் அட்டவணையில். அடுத்து தொடர் செலவினம்: சம்பளம், வாடகை, எரிபொருள். பிறகு தொடராச் செலவினம்: மேசை, கணினி, வாகனம். நிதித் துறை கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதற்கு ஈடாக எந்தப் பணியிடங்களை ஒப்படைக்கிறீர்கள்? பதில் இல்லாமல் போனால் கேட்ட இருபதில் எட்டுதான் கிடைக்கும். அதிலும் இயக்குநரும் ஓட்டுநரும் இருப்பார்கள், கணக்கு எழுதுபவர் இருக்கமாட்டார்.

இதற்குள் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போதோ (துறைக்கான பணத்துக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம்) 110-ஆம் விதியின் கீழோ (விவாதமில்லாமல் அமைச்சர் அறிக்கை படிக்கும் வழி) அறிவிப்பு வந்துவிட்டிருக்கலாம். அறிவிப்பு ஆணையல்ல. அரசாணை வந்த பிறகு செய்ய வேண்டியவை நிறைய. இயக்குநரைத் துறைத் தலைவராக அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் ஊழியருக்கு விடுப்போ சில்லறைச் செலவோ அனுமதிக்கும் அதிகாரம்கூட அவருக்கு இராது. பணம் பெற்று வழங்கும் அலுவலர் யார் என்று குறித்து, கருவூலத்தில் அவருக்குக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். மாநிலக் கணக்காயரைக் கலந்து கணக்குத் தலைப்பு திறக்க வேண்டும்.

கணக்குத் தலைப்பின் முதல் நான்கு இலக்கம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 2210 என்றால் மருத்துவம், பொது சுகாதாரம். 2202 பொதுக் கல்வி. முதல் இலக்கம் 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. சம்பளம் 2210-இல் போகும், மருத்துவமனைக் கட்டடம் 4210-இல் போகும். இந்தத் தலைப்புகள் எல்லாம் ஒரு மானியக் கோரிக்கைக்குள் அடங்கும். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு எண் 19. நிதியாண்டின் நடுவில் துறையைப் பிரித்தால் பணம் பழைய கோரிக்கையிலேயே இருக்கும். பிரிந்து போன துறை துணை மதிப்பீடு வரும்வரை அல்லது அடுத்த ஏப்ரல் வரை பழைய வீட்டின் கணக்கில்தான் சாப்பிட வேண்டும். ஆகஸ்டில் பிறந்த துறைக்கு முதல் ஆண்டில் ஒன்றும் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பணியிடங்கள் நிரந்தரம், தற்காலிகம் என்று இரு வகை. புதியவை தற்காலிகமாகவே தோற்றுவிக்கப்படும். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் தொடர் நீட்டிப்பு ஆணை வேண்டும். அந்த ஆணை தாமதமானால் ஆள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார், கருவூலத்தில் பணியிடமே இருக்காது. அப்போது இரண்டு மூன்று மாதத்துக்கென்று ஊதியக் கொடுப்பாணை வாங்கிச் சமாளிப்பார்கள். தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கடைசியாகக் கவனிப்பதும் நீண்ட நாள் இழுப்பதும் பணி விதிகள். அரசியலமைப்பின் 309-ஆம் பிரிவின் கீழ் யாருக்கு என்ன கல்வித் தகுதி, எத்தனை பேர் நேரடி நியமனம், எத்தனை பேர் பதவி உயர்வு என்று விதி வர வேண்டும். வராதவரை புதிதாக ஆள் எடுக்க முடியாது. வேறு துறையிலிருந்து அயற்பணியில் வந்தவர்களை வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். அவர்கள் கண் எப்போதும் தாய்த் துறையின் மூப்புப் பட்டியலில் இருக்கும்.

பிரிக்கும்போதும் மாற்றும்போதும்

2021 மே மாதம் தமிழ்நாட்டில் நீர்வளத்துக்குத் தனி அமைச்சர் வந்து, பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை பிரிந்தது. ஆறு, ஏரி, அணை ஒரு பக்கம். கட்டடங்கள் ஒரு பக்கம். வேலையைப் பிரிப்பது ஒரு தாளில் முடியும். ஒரே மூப்புப் பட்டியலில் இருக்கும் பொறியாளர்களைப் பிரிப்பது அப்படியல்ல. இப்படிப்பட்ட எந்தப் பிரிவினையிலும் ஒவ்வொருவரிடமும் விருப்பம் கேட்க வேண்டும். பதவி உயர்வு எங்கே சீக்கிரம் வரும் என்று கணக்குப் பார்த்தே விருப்பம் எழுதுவார்கள். ஒரு பக்கம் நிரம்பி வழியும், மறுபக்கம் காலியாகும். அதன்பின் வழக்குகள்.

துறையை நிறுவனமாக மாற்றுவது இன்னும் சிக்கல். 2000 அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவை வேலை பிஎஸ்என்எல் கம்பெனிக்குப் போனது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைந்து அதன் 41 ஆலைகள் 7 கம்பெனிகளுக்குப் பிரிந்தன. இரண்டிலும் ஊழியரின் கேள்வி ஒன்றே: நான் இன்னும் அரசு ஊழியரா? அரசுப் பதவி வகிப்பவருக்கு 311-ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. விசாரணையில்லாமல் நீக்க முடியாது. கம்பெனி ஊழியருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. படைக்கல ஊழியர்களை முதலில் அயற்பணியில் இருப்பவர்களாகவே கருதி அனுப்பினார்கள்.

மின்சார வாரியத்தின் கதை நமக்கு நெருக்கமானது. 1948-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டப்படி 1957 ஜூலை 1 அன்று பிறந்த வாரியம், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் கேட்டபடி 2010 நவம்பர் 1 அன்று ஒரு தாய்க் கம்பெனியாகவும் உற்பத்தி–பகிர்மானம், தொடரமைப்பு என்ற இரண்டு சேய்க் கம்பெனிகளாகவும் மாறியது. 2024-இல் உற்பத்தியும் பகிர்மானமும் மறுபடி பிரிந்தன. ஊரில் எல்லாருக்கும் அது இன்னும் ஈ.பி.தான். மீட்டர் தகராறில் வழக்குப் போடுபவர் மட்டும் கம்பெனியின் சரியான பெயரைத் தேட வேண்டும்.

வழக்கு என்று வந்தால் துறைக்குத் தனி ஆள்தன்மை கிடையாது. ‘பொதுப்பணித் துறை’ மேல் உரிமையியல் வழக்குப் போட முடியாது. தமிழ்நாடு மாநிலத்தின் மேல் போட வேண்டும். அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின் கீழ் இரண்டு மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். அரசு கம்பெனியின் மேல் அதன் பெயரிலேயே போடலாம், இந்த முன்னறிவிப்பு தேவையில்லை. இரண்டையும் மாற்றிச் செய்த வழக்குகள் விசாரணைக்கு வருமுன்பே தடுமாறுகின்றன.

ஓர் அலுவலகம் எந்தத் தாளில் பிறந்தது என்று வெளியில் நின்று தெரிந்துகொள்ள நல்ல வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அமைப்பு, கடமைகள், அலுவலர்களின் அதிகாரங்கள் என்று 17 வகை விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு: ‘இந்த அலுவலகம் எந்த அரசாணை, சட்டம் அல்லது பதிவின் கீழ் அமைக்கப்பட்டது என்பதற்கான ஆவணத்தின் நகல் வேண்டும்.’ அரசுக்குச் சொந்தமான, அரசு கட்டுப்படுத்தும், கணிசமாக நிதி தரும் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும்கூட இது பொருந்தும். தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் பாதகமில்லை. 6-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவுப்படி அவர்கள் 5 நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றியனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் ‘பெறுநர்’ என்ற இடத்தில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.